காம்பைச் சுற்றி எத்தனை முள்?

மாமா ஒவ்வொரு வருடமும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பலாப்பழம் அனுப்புவார். சாக்கில் போட்டு வாயைத் தைத்து, சென்னைக்கு வருகிற யாருடைய வண்டியிலாவது ஏற்றிவிடுவார். போன வருடம் வந்தது 18 கிலோ. எப்படித் தெரியும் என்றால், எடை பார்க்கிற மெஷின்மேல் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, வெறுங்கையோடு ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பார்த்தேன். இரண்டாவது எண்ணை வீட்டில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அதை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு நாள் ஹால் மூலையில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் வாசனை படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது. அம்மா போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே வெட்டிடணும், நாளைக்கு வெச்சா கொழகொழன்னு ஆயிடும்" என்றாள். செய்தித்தாள் விரித்தாயிற்று, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றியாயிற்று, அந்த நேரம் பார்த்து அண்ணன் பையன் ஃபோனை நீட்டினான். பிளஸ் ஒன் படிக்கிறான், உயிரியல் பிரிவு. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு செய்தி: பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம், தமிழன் அன்றே கண்டுபிடித்தான், பகிருங்கள்.

இப்படி வருகிறவற்றில் முக்கால்வாசி கட்டுக்கதை. ஆனால் இது நிஜமாகவே இருக்கிறது. கணக்கதிகாரம் என்கிற பழைய கணித நூலில், காரிநாயனார் எழுதியது, இதற்கென்றே ஒரு வெண்பா உண்டு. காம்பைச் சுற்றியிருக்கும் சிறுமுள்ளை எண்ணிக்கொள், 6-ஆல் பெருக்கு, 5-ஆல் வகு, வேறொன்றும் எண்ண வேண்டாம், சுளை எத்தனை என்று வந்துவிடும். 50 முள் என்றால் 60 சுளை, 100 முள் என்றால் 120.

"அத்தை, செஞ்சு பாத்துடலாமா?"

செய்தோம். முதல் ஐந்து நிமிடத்திலேயே சண்டை வந்துவிட்டது. காம்பைச் சுற்றி என்றால் எதுவரைக்கும்? அவன் காம்பை ஒட்டி முதல் இரண்டு வட்டம்தான் என்கிறான். நானோ சிறுமுள் என்று சொல்லியிருக்கிறதே, முள் சின்னதாக இருக்கிற வரைக்கும் எண்ண வேண்டும் என்கிறேன். அவன் கணக்கில் 35 முள், 42 சுளை. என் கணக்கில் 85 முள், 102 சுளை. அம்மா கத்தியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே, "வெட்டுனா தெரிஞ்சிடப் போவுது, அதுக்கு எதுக்குடா கணக்கு" என்றாள். வாஸ்தவம்தான்.

சாயங்காலம் எல்லாம் முடிந்தபிறகு கொட்டைகளை முறத்தில் கொட்டி எண்ணினோம். 71. இரண்டு பேருமே தோற்றோம்.

அவனுக்கு ஏமாற்றம், எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் தப்பாகப் போனது என்று யோசித்தால், அதற்கு முதலில் முள் என்றால் என்ன, சுளை என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பலா ஒரு கூட்டுக்கனி என்று அவன் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. நானும் அந்த வரியைப் படித்து மார்க் வாங்கியவள்தான். அந்த வரிக்கும், எண்ணெய் தடவிய கையோடு உட்கார்ந்து வருடா வருடம் பிய்த்துப் பிய்த்துப் போடுகிற சக்கைக்கும் சம்பந்தம் இருப்பதாக இத்தனை வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.

பலா மரத்தில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி, இரண்டும் ஒரே மரத்திலேயே இருக்கும். பெண் கொத்து என்பது ஒரு தண்டைச் சுற்றி, தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி, நெருக்கியடித்து நிற்கிற ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள். நமக்குப் பூவாகத் தெரியாது, பிஞ்சாகத்தான் தெரியும். ஒவ்வொரு பூவுக்கும் குழாய் மாதிரி ஓர் இதழுறை. கொத்து பெருக்கும்போது இந்தக் குழாயின் மூன்று பகுதியும் மூன்று வழியில் போகின்றன. பக்கத்துப் பூக்களோடு ஒட்டிக்கொள்கிற நடுப்பகுதி பழத்தின் தடித்த தோலாகிறது. ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற நுனி முள்ளாகிறது. உள்ளே தண்டுப் பக்கம் இருக்கிற அடிப்பகுதி மட்டும் தனியாகவே நின்று, அந்தப் பூவுக்கு மகரந்தம் கிடைத்து விதை உண்டானால், சதைபிடித்து மஞ்சளாகிச் சுளையாகிறது. மகரந்தம் கிடைக்காத பூக்கள்? அவைதான் சக்கை. சுளைக்கும் சுளைக்கும் நடுவில் பட்டை பட்டையாக, நாராக நிற்கிறதே, ஒவ்வொரு பட்டையும் சுளையாகியிருக்க வேண்டிய ஒரு பூ. அம்மா முதலில் சீவியெடுத்து எறிகிற, பால் ஒழுகுகிற நடுத்தண்டு, அந்தப் பூங்கொத்தின் தண்டேதான்.

ஆக ஒரு முள்ளுக்கு ஒரு பூ. இது மாறாது. ஆனால் ஒரு பூவுக்கு ஒரு சுளை என்பது, மகரந்தம் வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. பூக்கிற சமயத்தில் விடாமல் மழை அடித்திருந்தால் முள் அத்தனையும் இருக்கும், சுளை பாதிகூட இருக்காது. காம்பைச் சுற்றிய முள்ளுக்கு இது எப்படித் தெரியும்? கணக்கதிகாரக்காரர் நிறையப் பழம் வெட்டிப் பார்த்து, சராசரியாக ஒரு விகிதம் பிடித்திருக்கலாம் என்பது என் ஊகம். அவருடைய ஊர்ப் பழத்துக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம்.

மாமாவிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை. பழம் ஒரு பக்கம் ஒட்டிப்போய்க் கோணலாக இருந்தால் அந்தப் பக்கம் சுளை இருக்காது, வெறும் சக்கைதான், வியாபாரி அதைத் தடவிப் பார்த்தே விலையைக் குறைப்பான் என்றார். முள்ளை எண்ணுவதைவிட அது நம்பகமான கணக்கு. உள்ளே சுளை உப்பினால்தானே வெளியே தோல் உப்பும்.

சரி, சுளை பூவின் இதழுறை என்றால், பழம் எது? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. சுளைக்குள் கையை விட்டுக் கொட்டையை எடுத்தால், அதைச் சுற்றி வழவழவென்று ஒரு மெல்லிய பை இருக்கும், அதற்குள் விறைப்பான ஒரு வெள்ளைத் தோல் இருக்கும். கொட்டை காய்ந்ததும் குழம்புக்குப் போடுமுன் நகத்தால் உரித்துத் தள்ளுவோமே, அந்தத் தோல். பூவுக்குள் விதை உண்டாகிற பையைச் சூற்பை என்பார்கள், அதன் சுவர் முற்றி வந்தது அதுதான், அதாவது தாவரவியல் கணக்கில் பழம் என்பது அந்தப் பையும் தோலும்தான். பழத்தை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பூவைச் சாப்பிட்டிருக்கிறோம். விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆண் கொத்து கொஞ்ச நாளில் கறுத்து, பூஞ்சை பிடித்து, கீழே உதிர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பிஞ்செல்லாம் கொட்டுகிறது, யார் கண் பட்டதோ என்று எங்கள் ஆயா புலம்பியதை நான் கேட்டிருக்கிறேன். உதிர்ந்தது பிஞ்சே இல்லை, வேலை முடிந்த ஆண் பூ. அந்தப் பூஞ்சையும் சும்மா இல்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளோரிடாவில் வளர்கிற பலா மரங்களில் செய்தது: கொசுவைவிடச் சின்னதாக ஒரு வகை ஈ அந்தப் பூஞ்சை பிடித்த ஆண் கொத்துக்கு வந்து, அங்கேயே முட்டையிட்டு, போகிற போக்கில் மகரந்தத்தைப் பெண் கொத்துக்குக் கொண்டுபோகிறது என்று அதில் காட்டியிருக்கிறார்கள். ஆயா கரித்துக்கொட்டிய கறுப்புதான் சுளைக்குக் காரணமாக இருந்திருக்கலாம். அவள் இருந்திருந்தால் இதைச் சொல்லிப் பார்த்திருப்பேன், நம்பியிருக்க மாட்டாள்.

அப்புறம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கடைக்குப் போனால் ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, இதை வெட்டாமல் உள்ளே எண்ண முடியுமா என்று பார்ப்பது. பழக்கடைக்காரர் இரண்டு தடவை முறைத்தார்.

முதலில் கமலா ஆரஞ்சு. அதிலும் சுளை என்றுதான் சொல்கிறோம், பலாவிலும் சுளை என்றுதான் சொல்கிறோம். தமிழுக்குக் கையில் பிரிந்து வருவதும் வாயில் முழுசாகப் போவதும்தான் கணக்கு, எங்கேயிருந்து வந்தது என்பது கணக்கில்லை. ஆரஞ்சு ஒரே ஒரு பூவின் ஒரே ஒரு சூற்பை. அந்தச் சூற்பைக்குள் வீட்டில் அறை தடுத்த மாதிரி பத்துச் சொச்சம் அறைகள், ஒரு அறை ஒரு சுளை. அறையின் உள்சுவரிலிருந்து மயிர் மயிராக முளைத்து, ஒவ்வொன்றும் சாறு நிரம்பிப் பையாகி, இடமே இல்லாமல் அடைத்துக்கொள்கின்றன. நாம் கடிப்பது அந்த மயிரை. (இதைச் சாப்பிடும்போது சொல்லாதீர்கள். என் அண்ணி ஒரு வாரம் ஆரஞ்சைத் தொடவில்லை.) ஆரஞ்சை வெட்டாமல் எண்ண முடியும். காம்பு இருந்த இடத்தில் காய்ந்த பச்சைப் பொட்டு ஒன்று இருக்கும், அதை நகத்தால் நெம்பி எடுத்தால் அடியில் வட்டமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை மரத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் நீரும் சத்தும் கொண்டுபோன குழாய்களின் வாய். புள்ளியை எண்ணினால் சுளை. பையனும் நானும் ஆறு பழத்தில் பார்த்தோம், ஐந்தில் அச்சாகச் சரியாக வந்தது, ஆறாவதில் ஒன்று கூட இருந்தது, உரித்தால் ஊசிபோல ஒரு குட்டிச் சுளை இரண்டு பெரிய சுளைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது.

கணக்கதிகாரம் பலாவுக்குச் செய்ய ஆசைப்பட்டதை ஆரஞ்சு அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. ஒரு பூ, அதனால் பூவின் கணக்கு பழத்திலும் அப்படியே நிற்கிறது.

இந்த விஷயத்தில் முதல் பரிசு மங்குஸ்தானுக்கு. குற்றாலத்தில் சீசனுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அருவிக்குப் போகிற வழியெல்லாம் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம், பழத்தின் அடியில், முத்திரை குத்திய மாதிரி தட்டையாக ஒரு பூ இருக்கும். அது பூவின் சூல்முடி, மகரந்தம் வந்து விழுந்த இடம், அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை வெள்ளைச் சுளை. ஆறு இதழ் என்றால் ஆறு. ஒன்றிரண்டு சுளை மட்டும் பெரிதாக இருக்கும், அதற்குள்தான் கொட்டை. எங்கள் வீட்டில் சின்னச் சுளைக்குத்தான் அடிதடி. இதழ் அதிகமாக இருக்கிற பழமாகப் பார்த்துப் பொறுக்கினால் கொட்டையில்லாத சுளை அதிகம் கிடைக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, பகிருங்கள்.

நெல்லிக்காயும் ஒழுங்கான பிள்ளை. வெளியே ஆறு கோடு, உள்ளே கொட்டைக்குள் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை, மொத்தம் ஆறு. ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும், எல்லோரும் பார்த்தது, விடுங்கள்.

பூசணிக்கும் கணக்கதிகாரத்தில் ஒரு வெண்பா இருக்கிறது. கீற்றை எண்ணி, மூன்றால் பெருக்கி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, அதில் பாதியைத் தள்ளி, மூன்றால் வகுக்கச் சொல்கிறது. இவ்வளவு சுற்றி வந்தால் கடைசியில் கீற்றுக்கு 15 விதை என்று வருகிறது, நேரே சொல்லியிருக்கலாம். நேரே சொன்னால் வெண்பாவில் அடங்காதோ என்னவோ. பூசணியின் சூற்பை மூன்று பகுதிகள் (சூலிலைகள்) சேர்ந்து ஆனது, கீற்று அதைவிடப் பல மடங்கு இருக்கும், ஆகவே இதுவும் குத்துமதிப்புதான். பரிசோதித்துப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. பையன் செய்கிறேன் என்றான், பூசணி வாங்கிக்கொண்டு வந்ததோடு சரி, கூட்டாகிவிட்டது.

சீத்தாப்பழம் இரண்டுக்கும் நடுவில். அது ஒரே பூதான், ஆனால் அந்த ஒரு பூவுக்குள் நிறையச் சூற்பைகள். எல்லாம் சேர்ந்து ஒட்டி ஒரு பழமாக உருண்டுவிடுகின்றன, திரள்கனி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். வெளியே ஒவ்வொரு மேடும் ஒரு சூற்பை. மேட்டை எண்ணினால் உள்ளே அதிகபட்சம் எத்தனை கொட்டை என்று தெரியும், அதற்கு மேல் போகாது, ஆனால் குறையலாம், விதை பிடிக்காமல் வெறும் சதையாக நிற்கிற மேடுகளும் உண்டு. பலாவின் தலைவலியே இங்கேயும், அளவில் சின்னதாக.

அத்திதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. பலாவும் அத்தியும் ஒரே குடும்பம், ஆலும் அரசும் அதே குடும்பம்தான். பலாவில் தண்டு நடுவில், பூக்கள் வெளியே பார்த்தபடி. அந்தத் தண்டைச் சட்டைக்கையை உள்வெளியாகத் திருப்புகிற மாதிரி திருப்பிப் பாருங்கள், தண்டு வெளியே ஒரு பையாகிவிடும், பூக்கள் எல்லாம் பைக்குள் உள்நோக்கித் தொங்கும். அதுதான் அத்திக்காய். பூ கண்ணில் படவே படாது, ஏனென்றால் காய் என்று நாம் நினைப்பதற்கு உள்ளேதான் அது பூத்துக்கொண்டிருக்கிறது. அத்தி பூத்தாற்போல என்று சொன்னவர்கள் அத்தி மரத்தைக் கவனித்தவர்கள்தான், ஆனால் மரத்தடியில் நின்று மேலே பார்த்தவர்கள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று சொன்னவர்களோ பிட்டுப் பார்த்தவர்கள். எனக்கு இரண்டாவது ஆட்கள்மேல்தான் மரியாதை.

புழுவும் தற்செயல் இல்லை. நாட்டு அத்தியின் நுனியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் இருக்கிறது. மிகச் சின்ன ஒரு குளவி, பெண் குளவி, அதற்குள் முட்டி மோதி நுழைகிறது, நுழையும்போதே இறக்கை பிய்ந்துபோகும், திரும்பி வரப்போவதில்லை. உள்ளே இருக்கிற பூக்களுக்குத் தான் கொண்டுவந்த மகரந்தத்தைக் கொடுத்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. சில வாரம் கழித்துக் குஞ்சுகள் வருகின்றன. ஆண் குளவிக்கு இறக்கையே கிடையாது, கூடி, பழத்தின் சுவரைக் கடித்து வெளியே போக ஒரு வழி வெட்டிக் கொடுப்பதோடு அதன் ஆயுள் சரி. மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பெண் குளவிகள் பறந்துபோய் வேறோர் அத்தியைத் தேடுகின்றன. குளவி வராவிட்டால் விதையும் இல்லை. இதை உள்ளே எத்தனை என்று வெளியிலிருந்து எண்ணுவதாவது.

வெளியே துளையே இல்லாத மாம்பழத்துக்குள் வண்டு எப்படிப் போனது என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அது துளை போட்டுத்தான் போனது, ஆனால் வடுமாங்காய் அளவில் இருந்தபோது. தாய்வண்டு பிஞ்சின் தோலில் முட்டை வைக்க, பொரித்த புழு சதைக்குள் துளைத்து இன்னும் இறுகாத கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்கப் பாதை மூடி, கொட்டையும் கெட்டியாகி, பருப்பைத் தின்று அது வண்டாகி உட்கார்ந்திருக்கும். வெட்டாமல் சொல்ல முடியாத பழங்களில் இதற்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

மாமா நிலத்தில் வரப்போரமும் வீட்டைச் சுற்றியும்தான் பலா, மற்றதெல்லாம் முந்திரி. செம்மண். சின்ன வயதில் மே மாத லீவுக்குப் போனால் முந்திரிப்பழத்தில் உப்புத் தொட்டுத் தின்று, தொண்டை கரகரவென்று பிடித்து, கவுனில் கறை பட்டு, அந்தக் கறைக்கு அம்மாவிடம் அடி வாங்கி, இது ஒரு வருடாந்திர நிகழ்ச்சி. கொட்டையைக் கடித்துப் பார்த்த சித்தப்பா பையனுக்கு உதடு வெந்துபோனது, ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் அமிலம் மாதிரி சுடும். கொட்டையை வெளியே தொங்கவிட்டிருக்கிற பழம் என்று விடுகதை போடுவார்கள். விடுகதையே தப்பு. தொங்குகிற அந்தக் கொட்டைதான் முழுப் பழம்: ஓடு கனியுறை, பருப்பு விதை. சிவப்பாகவும் மஞ்சளாகவும் உப்பிக்கொண்டிருக்கிற பழம் என்பது வெறும் காம்பு. பூக்காம்பு ஊதிப்போய்ச் சாறு நிரம்பி நிற்கிறது. முதலில் கொட்டைதான் வளர்ந்து முழு அளவுக்கு வந்துவிடும், அதற்கப்புறம்தான் காம்பு ஊதவே ஆரம்பிக்கும். யாராவது பேசும்போது நடுவில் புகுந்தால் முந்திரிக்கொட்டை என்று திட்டுகிறோமே, பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த மரத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்து ஒரு வசவு செய்திருக்கிறார்கள். என்னைத்தான் அதிகம் திட்டியிருக்கிறார்கள் என்பதால் எனக்கு இது கொஞ்சம் பெருமை.

மாதுளையைப் பற்றி ஒன்றே ஒன்று. அது இரண்டு மாடிக் கட்டடம், கீழ்மாடியில் அறை குறைவு, மேல்மாடியில் அதிகம், நடுவில் சவ்வுச் சுவர். நாம் முத்து என்று உதிர்ப்பதில் சாறு இருப்பது விதையின் வெளித்தோலில். பழத்தோலை எறிந்துவிட்டு விதைத்தோலைத் தின்கிறோம். தலையில் கிரீடம் இருக்கிறதே என்று அதன் முனைகளை எண்ணிப் பார்த்தேன், முத்துக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தேங்காய்க்கு வருகிறேன், ஏனென்றால் அதை எண்ணத் தேவையே இல்லை என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒன்றுதானே. ஆனால் குடுமியைப் பிய்த்தால் மூன்று கண். பூவில் சூற்பை மூன்று பகுதியாகத்தான் தொடங்குகிறது, இரண்டு கைவிட்டுப்போய் ஒன்றுதான் விதையாகிறது. மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், அதற்கு நேர் கீழேதான் குருத்து, முளைத்தால் அந்த வழியாகத்தான் வரும். மற்ற இரண்டும் திறக்காத கதவு. பனையும் இதே ஜாதி, அதற்கும் மூன்று பகுதிதான், ஆனால் அது பெரும்பாலும் மூன்றையும் காப்பாற்றிக்கொள்கிறது, அதனால்தான் ஒரு காயில் மூன்று நுங்கு. எங்கள் தெருமுனையில் வண்டி போடுகிற நுங்குக்காரர் காயைக் கையில் எடுத்ததும் இதில் ரெண்டு, இதில் மூணு என்று சொல்லிவிட்டுத்தான் சீவுவார். முக்கோணமாக உப்பியிருந்தால் மூன்றாம், ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் இரண்டாம். நான் பார்த்தவரை அவர் தவறவில்லை. கணக்கதிகாரத்துக்கு அடுத்த பதிப்பு போட்டால் அவரைக் கேட்டுப் போட வேண்டும்.

நுங்கும் இளநீரும் ஒரே பொருள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. முளைக்கப்போகிற கருவுக்காகக் கட்டிக்கொடுத்த சோற்றுமூட்டை, கருவூண். இளநீரில் அது தண்ணீராகவே நிற்கிறது, சுவரோரமாகப் படிந்து வழுக்கையாகிறது, இறுகித் தேங்காயாகிறது. நுங்கை அந்தச் சின்ன வயதிலேயே பிடித்துத் தின்றுவிடுகிறோம், விட்டுவைத்தால் பனங்கொட்டைக்குள் எலும்பு மாதிரி இறுகிவிடும். கொட்டையைப் புதைத்து முளைக்கவிட்டால் கிழங்கு கீழே இறங்கும்போது, கொட்டைக்குள் பஞ்சு மாதிரி, இனிப்பாக ஒன்று வளரும், தெற்கே தவுன் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் பூரான். தேங்காய் முளைத்தால் உள்ளே உருண்டையாக வருவதும் அதுவேதான், இப்போது சென்னையில் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்கள். கட்டுச்சோற்றைக் கரைத்து உறிஞ்ச, முளை தன் விதையிலையின் ஒரு பகுதியை உள்ளேயே பஞ்சாக வளர்த்துக்கொள்கிறது, அதுதான் அது. பூ என்று பெயர், பூ இல்லை. சுளை என்று பெயர், அது பூ. இதைப் பையனிடம் சொன்னேன். பரீட்சையில் கேட்க மாட்டார்கள் அத்தை என்றான்.

71-க்குத் திரும்புகிறேன். ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். எங்கள் கிண்ணம்தான், அடியில் அம்மா பெயர் வெட்டியிருக்கும். பலாச்சுளை ரொம்ப நன்றாக இருந்தது, மாமாவிடம் சொல்லுங்கள் என்றார். பையனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா, நாங்கள் முறத்தை எடுக்கும் முன்பே, வெட்டின கையோடு ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எத்தனை கொடுத்தாய் என்றால், "கிண்ணம் ரொம்பக் குடுத்தேன், அதையெல்லாமா எண்ணிக் குடுப்பாங்க" என்கிறாள்.

பையன் விடவில்லை. "ஆன்ட்டி, கொட்டை எத்தனை இருந்துச்சு?"

"அதை அன்னிக்கே சாம்பார்ல போட்டுட்டேனேப்பா" என்றார் அக்கா.